ஊர்ப் பொட்டலில் சிறுவர் கிரிக்கெட் பயிற்சி: புதிதாகத் தொடங்குவோருக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று செட்டிநாட்டில் எந்தப் பக்கம் போனாலும், கண்மாய் வற்றியதும் அதன் தரையிலேயே ஸ்டம்ப் நட்டு ஆடும் பிள்ளைகளைப் பார்க்கலாம். 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது காரைக்குடி காளை என்றே ஓர் அணி இருந்தது. அது பிற்பாடு திருப்பூர் தமிழன்ஸ் ஆயிற்று. ஆர்வத்துக்கு இங்கே என்றும் பஞ்சமில்லை. பெரியவர்களின் ஆட்டத்தை அப்படியே சிறுவர் தலையில் கட்டிவிடாமல், அவர்கள் உடலின் அளவுக்கு ஆட்டத்தைச் சுருக்கிக் கொடுக்கும் பயிற்சிதான் நம் ஊர்களுக்குத் தேவை. ஊர் இளைஞர் மன்றம் ஒன்று அதை எப்படித் தொடங்கலாம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் இடம். புறம்போக்குப் பொட்டல் என்றால் ஊராட்சியிடமும், பள்ளி மைதானம் என்றால் தலைமையாசிரியரிடமும் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். நம் பகுதிச் செம்மண்ணில் சரளைக்கல் அதிகம்; அதில் பட்ட பந்து எகிறி நேராக முகத்துக்கு வரும். ஆகவே பந்து குத்தும் பகுதியைச் சலித்துக் கல் நீக்கி, களிமண் பரப்பி, நீர் தெளித்து உருளையால் அழுத்தி, அதன்மேல் கயிற்றுப் பாயை இழுத்துக் கட்ட வேண்டும். பாயின் ஓரத்து ஆணிகள் தரையோடு தரையாக இறங்கியிருக்கின்றனவா என்பதை ஒவ்வொரு நாளும் கையால் தடவிப் பாருங்கள்.

அடுத்தது, எல்லாவற்றிலும் முக்கியமானது, ஆடுகளத்தின் நீளம். பெரியவர்களுக்கு அது 22 கெஜம், அதாவது 66 அடி. ஒன்பது வயதுப் பையன் அந்தத் தூரத்துக்குப் பந்தைக் கொண்டுசேர்க்க முழங்கையை மடக்கி எறியத் தொடங்குவான். இல்லையென்றால் வானத்தைப் பார்த்துத் தூக்கிப் போடுவான். எதிரே மட்டை பிடித்தவனும் தலைக்குமேல் வரும் பந்தைக் குறுக்கே வீசி அடிக்கவே பழகுவான். இருவருக்கும் பிழை ஒரே நாளில் படிந்துவிடுகிறது, திருத்தவோ ஆண்டுகள் ஆகின்றன. இங்கிலாந்தில் நெடுங்காலம் பின்பற்றப்பட்ட அளவுகள் நமக்கும் பொருந்தும்: 9 வயதுக்கு உட்பட்டோருக்கு 18 கெஜம், 11க்கு உட்பட்டோருக்கு 20, 13க்கு உட்பட்டோருக்கு 21. ஒரு டேப்பும் கொஞ்சம் சுண்ணாம்பும் போதும்.

பந்து விஷயத்தில் அவசரம் வேண்டாம். முதல் சில மாதங்களுக்கு டென்னிஸ் பந்தே நல்லது. வேகப்பந்து வீச்சாளர் சின்னப்பம்பட்டி நடராஜன் அதில் ஆடி வளர்ந்துதான் 2020இல் இந்திய அணிக்குள் நுழைந்தார். தோல் பந்துக்கு மாறும்போது 13 வயதுக்கு உட்பட்டோருக்கு 133 முதல் 144 கிராம் வரையுள்ள சிறிய பந்தையே கொடுங்கள். பெரியவர்களின் பந்து 156 கிராமுக்குக் குறையாது. அண்ணனின் பழைய தலைக்கவசத்தைத் தம்பிக்கு மாட்டிவிடுவது நம் வழக்கம். கவசத்தின் முகக் கம்பிக்கும் மேல்விளிம்புக்கும் இடையிலுள்ள சந்து பெரிய பந்தைத் தடுத்தாலும் சிறிய பந்தை உள்ளே விட்டுவிடலாம் என்பதால், பந்தை அங்கே வைத்து அழுத்திப் பார்த்த பிறகே மாட்டிவிடுங்கள். மட்டைக்கும் ஒரு சோதனை உண்டு: மட்டைப் பிடியில் மேலே இருக்கும் கையால் மட்டும் பிடித்து, கையை நேரே நீட்டித் தோள் உயரத்தில் நிறுத்தச் சொல்லுங்கள், மட்டை நடுங்கினால் அது அவனுக்கு மீறிய எடை.

பயிற்சி நேரத்தைக் கோடையில் காலை ஆறு முதல் எட்டு வரை வைத்துக்கொள்ளலாம். பிடிப்பது, எறிவது, ஓடுவது என்று தொடங்கி, வலையில் ஒருவன் ஆட மற்றவர்கள் வேடிக்கை பார்க்கும் நிலை வராதபடி சிறு குழுக்களாகப் பிரியுங்கள். பெண் பிள்ளைகளையும் அதே குழுக்களில் சேருங்கள்.

வேகப்பந்து வீசும் பிள்ளைகளிடம் தனிக் கவனம் வேண்டும். வளரும் வயதில் கீழ்முதுகு எலும்பு முதிர்ந்திருக்காது. ஓய்வின்றி வீசினால் அதில் நுண்விரிசல் விழும். தோள் ஒரு பக்கமும் இடுப்பு வேறு பக்கமும் பார்த்து முறுக்கிக்கொண்டு வீசும் முறையில் இந்த ஆபத்து இன்னும் கூடுகிறது. 13 வயது வரை தொடர்ந்து வீசும் ஒரு முறைக்கு ஐந்து ஓவர், நாளுக்குப் பத்து ஓவர் என்பதும், 14, 15 வயதில் ஆறும் பன்னிரண்டும் என்பதும் இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் வகுத்த வரம்புகள். வலைப் பயிற்சியில் வீசுவதும் இந்தக் கணக்கில் சேரட்டும். ஓவர்களை நோட்டில் எழுத ஒருவரை நியமியுங்கள். பையன் எவ்வளவு கெஞ்சினாலும், முதுகு வலிக்கிறது என்று அவன் சொன்ன அன்று பந்து அவன் கைக்குப் போகக் கூடாது.

போட்டி வைக்கும்போது ஜோடி முறையைப் பின்பற்றுங்கள். அணிக்கு எட்டுப் பேர், நான்கு ஜோடிகள், ஜோடிக்கு நான்கு ஓவர். அணியின் கணக்கு 200இல் தொடங்கும்; ஆட்டமிழந்தால் ஐந்து ஓட்டம் குறையுமே தவிர, ஆட்டக்காரர் வெளியேற வேண்டியதில்லை. முதல் பந்திலேயே அவுட்டாகிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை மறுவாரம் வராமல் போவதை இம்முறை தடுக்கிறது.

சேரும் நாளிலேயே பிறப்புச் சான்றிதழின் நகலை வாங்கிப் பதிவேட்டில் ஒட்டிவிடுங்கள். வயதைக் குறைத்து எழுதச் சொல்லும் பெற்றோர் வருவார்கள். 16 வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளுக்கு இந்திய கிரிக்கெட் வாரியம் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணிக்கிறது என்பதை அவர்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லி, உள்ள தேதியையே எழுதுங்கள்.