ரொட்டி மட்டும் தனித்தட்டில்: பல உணவுமுறைகளுக்கும் ஒரே ஃபத்தூஷ்

லெபனான், சிரியா, பாலஸ்தீனம், ஜோர்டான் ஆகிய நாடுகளின் வீடுகளில், மீந்து உலர்ந்துபோன ரொட்டியை வீணாக்காமல் காய்களோடும் கீரைகளோடும் கலந்து உண்ணும் வழக்கத்திலிருந்து பிறந்த சாலட் ஃபத்தூஷ். பிய்த்தல், நொறுக்குதல் என்று பொருள்படும் அரபுச் சொல்லே இந்தப் பெயரின் வேர். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்த தமிழர்கள் குபூஸ் என்று சொல்லும் அதே தட்டை ரொட்டிதான் இதில் சேர்கிறது. ரமலான் மாதத்தில் லெபனானிய வீடுகளில் நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழம், பருப்பு சூப் ஆகியவற்றோடு இதுவும் மேசைக்கு வந்துவிடும்.

ஒரே மேசையில் மாவுச்சத்தை மிகவும் குறைக்கும் கீட்டோ உணவுமுறையைக் கடைப்பிடிப்பவர், சர்க்கரை நோயாளி, கோதுமை ஒவ்வாதவர், பால்பொருள் தொடாதவர் எல்லோரும் அமரும் விருந்துகள் இப்போது இயல்பாகிவிட்டன. அத்தகைய விருந்துக்கு ஃபத்தூஷைப் போல இணங்கிவரும் உணவு குறைவு என்பது என் உறுதியான எண்ணம். சிக்கல் ஏறத்தாழ முழுவதும் ரொட்டியில்தான் இருக்கிறது. அதைத் தனித்தட்டில் வைத்துவிட்டால் மற்றவை எளிது. ரொட்டியை மாற்றலாம், ஆனால் புளிப்பை மாற்றக் கூடாது. சுமாக் என்னும் செம்பழப் பொடியும் எலுமிச்சையும் இல்லாவிட்டால் கிண்ணத்தில் இருப்பது வெறும் காய்க்கலவை.

நான்கு பேருக்குத் தேவையானவை: தக்காளி 3, சிறிய வெள்ளரி 3, சிவப்பு முள்ளங்கி 6, லெட்யூஸ் ஒரு கட்டு, வெங்காயத்தாள் சிறிதளவு, புதினாவும் பார்ஸ்லியும் கைப்பிடி கைப்பிடி. லெபனானில் ‘பக்லே’ எனப்படும் கீரையையும் சேர்ப்பார்கள்; நம் ஊர்ச் சந்தையில் கிடைக்கும் பருப்புக்கீரைதான் அது. சதைப்பற்றுள்ள அந்த இலையின் இலேசான புளிப்பு இந்த சாலட்டுக்கு மிகவும் பொருந்தும் என்பதால், கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். மேலே ஊற்றும் சாறுக்கு எலுமிச்சைச் சாறு 3 மேசைக்கரண்டி, ஆலிவ் எண்ணெய் 4 மேசைக்கரண்டி, சுமாக் 1 மேசைக்கரண்டி, நசுக்கிய பூண்டு ஒரு பல், மாதுளைப் பாகு ஒரு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி.

ரொட்டிக்கு நடுத்தர அளவு குபூஸ் இரண்டு போதும். ஓரத்தில் விரலை நுழைத்து இரண்டு ஏடுகளாகப் பிரித்து, கையால் பிய்த்து, சிறிது ஆலிவ் எண்ணெய் தடவி, 180 டிகிரி சூட்டில் எட்டுப் பத்து நிமிடம் ஓவனில் வைக்க வேண்டும். ஓரங்கள் பழுப்பேறி, இரண்டு துண்டுகளை உரசினால் சருகு உரசும் ஒலி வரும் பதமே சரியான பதம். உணவகங்களில் பெரும்பாலும் எண்ணெயில் பொரிக்கிறார்கள். வீட்டில் அதற்கு அவசியமே இல்லை.

நனிசைவம் கடைப்பிடிப்பவருக்கு இங்கே சொல்ல அதிகம் இல்லை. மரபான ஃபத்தூஷில் பாலோ முட்டையோ கிடையாது; வெளியே சாப்பிடும்போது பாலாடைக்கட்டி தூவியிருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளலாம். மத்தியதரைக்கடல் உணவுமுறைக்கும் இது அப்படியே பொருந்தும். அந்த உணவுமுறையை யுனெஸ்கோ 2010-லும், விரிவாக்கி 2013-லும் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது அதில் லெபனானோ சிரியாவோ இடம்பெறவில்லை. ஆலிவ் எண்ணெயும் பச்சைக் காய்களும் அன்றாட உணவாக உள்ள நாடுகள் விடுபட்டது எனக்கு வருத்தமே.

கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் ஒவ்வாதவர்களுக்கு, குறிப்பாக அதனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு, மிகுந்த கவனம் தேவை. கலந்த சாலட்டிலிருந்து ரொட்டித் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுப்பது அவர்களுக்குத் தீங்காக முடியும்; இலைகளில் ஒட்டிய துகளே குடலைப் பாதிக்கப் போதுமானது. அவர்களுடைய பங்கை முதலில், தனிக் கிண்ணத்தில், தனிக் கரண்டியால் எடுத்து வைத்துவிட வேண்டும். வாற்கோதுமை ரொட்டி மாற்றாகாது, அதிலும் குளூட்டன் உண்டு. ஃப்ரீக்கே என்பது பச்சையாக அறுத்த கோதுமையே. தபூலே சாலட்டில் சேரும் புல்குரும் கோதுமைதான். கலப்படமில்லாத கடலைமாவில் மெல்லிய ரொட்டி சுட்டு, பிய்த்து, மறுபடி மொறுமொறுப்பாக்கிச் சேர்ப்பது நல்ல வழி. நம்மவர்கள் உடனே அப்பளத்தை நினைப்பார்கள், நொறுங்கும் தன்மையில் அதுவும் நன்றாகவே பொருந்தும். ஆனால் அப்பளத்தில் சேரும் கூட்டுப் பெருங்காயத்தில் பல நேரங்களில் கோதுமை மாவு கலந்திருப்பதால், உறையில் உள்ள பொருள் பட்டியலைப் படிக்காமல் கொடுக்க வேண்டாம்.

கீட்டோவிலும் குறைந்த மாவுச்சத்து உணவுமுறையிலும் கணக்கு முக்கியம். 60 கிராம் எடையுள்ள வெள்ளை ரொட்டி ஒன்றில் ஏறக்குறைய 33 கிராம் மாவுச்சத்து இருப்பதால், மேற்கண்ட அளவில் ஒருவர் பங்குக்கு 16 கிராம் ரொட்டியிலிருந்தே வந்துவிடும். நாள் முழுவதற்கும் 20 முதல் 50 கிராம் என்று வரையறுத்துக்கொண்டவருக்கு அது பெரிய பகுதி. அவர்கள் ரொட்டியையும் மாதுளைப் பாகையும் விட்டு, தக்காளியைக் குறைத்து, வறுத்த வாதுமைப் பருப்பையோ கல்லில் பொன்னிறமாகச் சுட்ட ஹலூமி பாலாடைக்கட்டியையோ சேர்க்கலாம். ஆதிமனிதர் உணவை ஒட்டிய பேலியோ உணவுமுறையின் மூல வடிவம் தானியத்தோடு பாலையும் விலக்குகிறது. தமிழ்நாட்டில் அந்தப் பெயரில் பரவிய முறையோ பனீரையும் நெய்யையும் ஏற்பதால், விருந்தினர் எதைக் கடைப்பிடிக்கிறார் என்று கேட்டுவிட்டு ஹலூமி வையுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர் ரொட்டியை முற்றாக விலக்க வேண்டியதில்லை என்றே கருதுகிறேன். முழுக்கோதுமை குபூஸில் பாதியைப் பயன்படுத்தி, காய்களை முதலில் உண்டு ரொட்டியைக் கடைசியில் எடுத்துக்கொண்டால் இரத்தச் சர்க்கரை ஏறும் வேகம் தணியும். கடைகளில் விற்கும் மாதுளைப் பாகு சிலவற்றில் சர்க்கரை சேர்த்திருப்பார்கள் என்பதை மறக்கக் கூடாது. எடை குறைக்க விரும்புகிறவர் கவனிக்க வேண்டியது எண்ணெயைத்தான்: ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 120 கலோரி. இரத்த அழுத்தம் உள்ளவர் உப்பைப் பாதியாக்கிச் சுமாக்கைக் கூட்டலாம். ஆனால் சுமாக் பொட்டலங்களிலேயே உப்பு கலந்து விற்பதுண்டு என்பதால், முதலில் நாவில் ஒரு சிட்டிகை வைத்துப் பாருங்கள்.

வயிற்று உப்புசத்துக்காகப் பூண்டும் வெங்காயமும் தவிர்ப்பவருக்கு, பூண்டை ஆலிவ் எண்ணெயில் மிதமான சூட்டில் சற்று வதக்கி வடிகட்டி எடுத்துவிட்டால் மணம் எண்ணெயில் தங்கும், தொல்லை தரும் பொருள் எண்ணெயில் கரையாது. வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி மட்டும் போதும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் ஆக்சலேட் மிகுந்த பருப்புக்கீரையை விடுவது நல்லது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பார்ஸ்லியின் அளவைத் திடீரென்று கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். சுமாக் மரம் மா, முந்திரி, பிஸ்தா ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், முந்திரி ஒவ்வாமை உள்ளவருக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும்.

பரிமாறுவதற்கு ஐந்து நிமிடம் முன்பு காய்களில் சாற்றை ஊற்றிக் கைகளால் பிரட்டி, ரொட்டித் தட்டைப் பக்கத்தில் வையுங்கள். அவரவர் கிண்ணத்தில் ரொட்டியை அவரவரே போட்டுக்கொள்ளட்டும். பாதித் துண்டுகள் சாற்றை உறிஞ்சி மெத்தென்றாகி, மீதிப் பாதி இன்னும் மொறுமொறுவென்று இருக்கும் அந்தச் சில நிமிடங்களுக்குள் உண்டுவிட வேண்டும்.