பழைய கார் ஏசியில் நாற்றமா? பெர்ஃப்யூம் வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

பழைய கார் வாங்கிய பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். காலையில் வண்டியை எடுத்து ஏசியைப் போட்டதும் முதல் பத்து விநாடி முகத்தில் ஒரு வாடை அடிக்கும். ஈர பனியனைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்து மூன்று நாள் மறந்துபோனால் வருமே, அதே வாடை. கொஞ்ச நேரத்தில் அது அடங்கிவிடும், நாமும் மறந்துவிடுவோம். மறுநாள் காலை மறுபடியும் அடிக்கும்.

நான் எட்டு வருடப் பழைய கார் ஒன்றை வாங்கினேன். பார்க்கப் போன அன்று உள்ளே மல்லிகை வாசம் தூக்கலாக இருந்தது. ஏசியை ஏற்கெனவே ஓடவிட்டு வைத்திருந்தார்கள். 'வண்டியை நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள்' என்று நினைத்துக்கொண்டேன். முதலில் சறுக்கியது அங்கேதான். பழைய கார் பார்க்கப் போகும்போது, முன்கூட்டியே ஏசியைப் போட்டு வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, நாமே உட்கார்ந்து புளோயரைப் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த முதல் காற்றில் உண்மை தெரிந்துவிடும். பெர்ஃப்யூம் மிதமிஞ்சி மணந்தால் அது எதை மறைக்கிறது என்று கேட்பதில் தப்பில்லை.

வாங்கிய பிறகு நானும் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். ஏசி வாயில் மாட்டும் பெர்ஃப்யூம் ஒன்று வாங்கி மாட்டினேன். ஒரு வாரம் கழித்து எலுமிச்சை வாசமும் ஈரத்துணி வாடையும் கலந்து ஒரு புது நாற்றம் பிறந்தது. வாடை உருவாகும் இடம் வேறு என்பதால் பெர்ஃப்யூமால் ஒன்றும் செய்ய முடியாது. டேஷ்போர்டுக்குள், பெரும்பாலும் கிளவ் பாக்ஸ் பக்கம், ரேடியேட்டர் போல மெல்லிய அலுமினியத் தகடுகள் அடுக்கிய ஒரு காயில் இருக்கிறது. மெக்கானிக்குகள் கூலிங் காயில் என்பார்கள். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரில் வெளியே வேர்க்குமே, அதே மாதிரி ஏசி ஓடும்போது இந்தக் காயிலும் வேர்க்கும். அந்தத் தண்ணீர் அடியில் உள்ள டிரெய்ன் பைப் வழியாகக் கீழே சொட்டிவிட வேண்டும். வண்டியை நிறுத்தியதும் காயில் ஈரத்தோடு இருட்டில் சூடாகிறது. மேலே தூசியும் படிந்திருக்கிறது. பூசணத்துக்கு வேறென்ன வேண்டும்?

அடுத்து ஒரு ஏசி கடைக்குப் போனேன். "கேஸ் குறைஞ்சிருக்கும் சார், ஃபில் பண்ணிடலாம்" என்றார்கள். செய்தேன். குளிர் கொஞ்சம் கூடியது; வாடையும் நன்றாகக் குளிர்ந்தபடி வந்தது. கேஸ் குறைந்தால் குளிர் குறையும், அவ்வளவுதான். இந்தப் பூசண வாடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கிளவ் பாக்ஸைக் கழற்றினேன். இரண்டு பக்கமும் உள்ளே அழுத்தினால் அது கீழே சாய்ந்துவிட்டது. பின்னால் ஒரு பிளாஸ்டிக் மூடி, அதற்குள் ஏசி ஃபில்டர். வெளியே இழுத்தபோது மடியில் கொட்டியது வேப்பிலைச் சருகு. மடிப்புகளுக்கு நடுவே தேங்காய் நார் ஒரு பந்து. அணிலோ எலியோ ஏதோ குடித்தனம் நடத்தியிருக்கிறது. வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய ஃபில்டர் அடுப்புக்கரித் துணி போல இருந்தது.

இந்த ஃபில்டர் விஷயத்திலேயே மூன்று தவறுகள் நடக்கின்றன. ஒன்று, அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இருப்பது. இன்னொன்று, குழாயடியில் கழுவிக் காயவைத்து மறுபடி போடுவது. காகித ஃபில்டர் தண்ணீர் பட்டால் கெட்டுவிடும், அரைகுறையாகக் காய்ந்தால் அதுவே பூசணம் பிடிக்கும். புதிது சில நூறு ரூபாய்தான். மூன்றாவது, தலைகீழாகப் போடுவது. ஓரத்தில் காற்றோட்டத்தைக் காட்டும் அம்புக்குறி இருக்கும், பார்த்துப் போடுங்கள். சில பழைய கார்களில், அதுவும் விலை குறைந்த மாடல்களில், இடம் மட்டும் இருக்கும், ஃபில்டர் இருக்காது. அப்படியானால் அத்தனை வருடத் தூசியும் நேராகக் காயிலில் போய் அப்பியிருக்கும்.

ஃபில்டரை மாற்றியும் வாடை போகவில்லை என்றால் காயிலைக் கழுவ வேண்டும். பலரும் ஸ்ப்ரேயை முன்பக்க ஏசி வாய்களில் அடிப்பார்கள். அந்த வாய்க்கும் காயிலுக்கும் நடுவே நீளமான குழாய்ப்பாதை இருக்கிறது. அடித்ததில் முக்கால்வாசி அந்தப் பாதையிலேயே ஒட்டிக்கொள்ளும். காயிலுக்கென்றே விற்கும் நுரை கிளீனரை ஃபில்டர் இருந்த இடத்தின் வழியாகவோ டிரெய்ன் பைப் வழியாகவோ செலுத்துவதுதான் சரி. டப்பாவில் போட்டிருக்கும் அளவும் நேரமும் முக்கியம். 'இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே' என்று அடித்தால் நுரை பொங்கி பக்கத்திலிருக்கும் வயர் கனெக்டர்களில் இறங்கும். அப்புறம் எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு புளோயரை வேகமாக ஓடவிட்டு உலர்த்துங்கள்.

கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமான சானிடைசரை ஏசிக்குள் பீய்ச்சியவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து வேண்டாம். அது எளிதில் தீப்பற்றும் ஆல்கஹால். புளோயர் பக்கத்தில் சூடாகும் மின்பாகங்கள் உண்டு. பினாயிலும் வேண்டாம், அந்தக் காற்றைத்தான் மணிக்கணக்கில் மூச்சிழுக்கப் போகிறோம்.

எலிக்குப் பயந்து பானெட்டுக்குள் புகையிலையோ பாச்சை உருண்டையோ போடுவது நம் ஊர் வழக்கம். வெளிக்காற்று உள்ளே போகும் வழி முன்கண்ணாடிக்குக் கீழே, பானெட்டை ஒட்டியே இருக்கிறது. போட்ட உருண்டையின் நெடி நேராகக் காருக்குள் வரும். குழந்தைகள் உட்காரும் வண்டியில் அதைச் செய்யவே கூடாது. எலி உள்ளேயே செத்துப்போனால் அந்த நாற்றத்தை யாரும் அடையாளம் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. காருக்குள் இருக்கும் காற்றையே சுற்றவிடும் பட்டன் இருக்கிறதல்லவா, அதை ஒரு முறை போட்டும் ஒரு முறை எடுத்தும் மோந்து பாருங்கள். வெளிக்காற்று வரும்போது மட்டும் நாறினால் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள சல்லடையைத் திறந்து பாருங்கள்; மக்கிய இலையோ செத்த எலியோ கிடக்கலாம். இரண்டிலும் நாறினால் ஃபில்டர், காயில், அல்லது தரையில் விரித்த கால்மிதிக்கு அடியில் ஈரம்.

அந்த ஈரத்தைக் கட்டாயம் தொட்டுப் பாருங்கள். கால்மிதியின் மேல் கை வைத்தால் போதாது, கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் உள்ள பஞ்சை அழுத்திப் பார்க்க வேண்டும். முன் இடப்பக்கம் நனைந்திருந்தால் டிரெய்ன் பைப் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். புழுக்கமான நாளில் கால் மணி நேரம் ஏசி ஓடியும் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லையா? அதே சந்தேகம்தான். கூர்மையான கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், உள்ளே காயில் இருக்கிறது.

நாலு பக்கமும் ஈரம், சீட்டுக்கு அடியில் தண்டவாளத்தில் துரு என்றால் கதை வேறு. வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கலாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கின என்பதை நாம் பார்த்தோம். அப்படிப்பட்ட வண்டி கைமாறி நம்மிடம் வரலாம். சீட் பெல்ட்டை முழுதாகக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக்கறை அங்கே ஒளிந்திருக்கும். அந்த வண்டிக்கு ஏசி சர்வீஸ் செய்வது வீண்.

எல்லா வாடையும் பூசண வாடை அல்ல. இனிப்பான நெடி வந்து, முன்கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு போலப் படிந்தால், டேஷ்போர்டுக்குள் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், கசிகிறது என்று அர்த்தம். கூலன்ட் நச்சு, இன்ஜினும் சூடேறிப் பழுதாகலாம். பெட்ரோல் நெடியோ வயர் கருகும் நெடியோ வந்தால் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். சைலன்சர் புகை உள்ளே வந்தால் கண்ணாடிகளை இறக்கி, மெக்கானிக்கிடம் காட்டும்வரை ஓட்டாதீர்கள். புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. இவற்றுக்கு மேல் பெர்ஃப்யூம் மாட்டுவதுதான் இந்தப் பட்டியலிலேயே ஆபத்தான தவறு.

சிகரெட் வாடை ஏசி வழியாக வந்தாலும் அது பெரும்பாலும் கூரைத் துணியிலும் சீட்டிலும் ஊறியிருப்பது. கூரைத் துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து ஊறவிட்டால் பசை விட்டுத் தொங்கிவிடும். ஈரத்துணியால் மெல்ல ஒற்றி எடுங்கள்.

எல்லாம் சுத்தமான பிறகும் பழைய பழக்கம் தொடர்ந்தால் சில மாதத்தில் வாடை திரும்பி வரும். வீடு வர மூன்று, நான்கு நிமிடம் இருக்கும்போது ஏசியை அணைத்து, வெளிக்காற்றோடு புளோயரை மட்டும் ஓடவிடுங்கள். காயில் ஓரளவு காய்ந்துவிடும். மே மாதத்தில் பின்சீட்டிலிருந்து முணுமுணுப்பு வரும், கண்டுகொள்ள வேண்டாம்.

"டேஷ்போர்டை இறக்கினால்தான் முடியும்" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லும் கடைக்குத் தலையாட்டாதீர்கள். ஃபில்டர், நுரைக் கிளீனர், டிரெய்ன் பைப், கார்ப்பெட் எல்லாம் பார்த்த பிறகும் வாடை போகவில்லை என்றால் மட்டும் அதற்குச் சம்மதிக்கலாம். இறக்கும் நாளில் கூடவே இருங்கள். காயிலில் வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை வைத்து அடித்தால் தகடுகள் மடங்கிக் காற்றே போகாது. திரும்ப மாட்டி முடித்ததும் தட்டில் ஸ்க்ரூ ஏதும் மிச்சமிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.