கரிசல் நிலத்து வீடுகளில் அஸ்திவார விரிசல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவில்பட்டி, அருப்புக்கோட்டை, விருதுநகர் வட்டாரங்களில் ஜன்னலின் கீழ்மூலையிலிருந்து செங்கல் வரிகளின் வழியே படிக்கட்டுபோல் இறங்கும் விரிசலை ஏராளமான வீடுகளில் காணலாம். பெரும்பாலும் அதைக் கொத்திச் சிமெண்ட் கலவையால் அடைத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். அடுத்த கோடையில் அதே இடத்தில் அது மீண்டும் திறக்கிறது. கலவை மட்டமானது என்று மேஸ்திரியைக் கடிந்துகொள்வது நியாயமன்று, ஏனெனில் நகர்வது சுவருக்கு அடியில் உள்ள மண்.

கரிசல் மண்ணில் மாண்ட்மொரில்லோனைட் என்னும் களிமண் கனிமம் மிகுந்திருப்பதால், ஐப்பசி, கார்த்திகை மழையில் அது நீரை உறிஞ்சி உப்புகிறது. சித்திரை வெயிலில் சுருங்கி வெடிக்கிறது. வீட்டின் நடுப்பகுதிக்கு அடியில் வெயிலும் மழையும் எட்டாததால் ஈரம் அதிகம் மாறுவதில்லை. வெளிச்சுவர்களின் அடியிலோ அது பருவந்தோறும் மாறுகிறது. ஆழமில்லாமல் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிக் கட்டிய அஸ்திவாரம் இந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே சுவருக்குக் கடத்துகிறது. வீட்டின் மூலை இறங்கினால் விரிசல் மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும். சுவரின் நடுப்பகுதி இறங்கினால் இது தலைகீழாகும்.

எல்லா விரிசலுக்கும் அஸ்திவாரத்தைக் குறை கூறுவதும் தவறே. கூரைத் தளத்தை ஒட்டிக் கிடைமட்டமாக ஓடும் விரிசல் பெரும்பாலும் வெயிலில் தளம் விரிவதால் வருவது. தூணின் நீளவாக்கில் தோன்றுவது பெரும்பாலும் உள்ளே கம்பி துருப்பிடித்ததன் அடையாளம்.

கோடையில் அவசரமாக அடைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். விரிசல் அப்போதுதான் மிக அகலமாகத் திறந்திருக்கும். அதில் கெட்டியான சிமெண்டைத் திணித்தால், மழைக்காலத்தில் மண் உப்பிச் சுவர் பழைய நிலைக்குத் திரும்ப முயலும்போது அந்த அடைப்பே ஆப்பாக நின்று பக்கத்தில் புதிய விரிசலை உண்டாக்கும். ஆகவே விரிசலின் இரு நுனிகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி, அதன் இருபுறமும் இரண்டு சிறு ஆணிகளைப் பதித்து, அவற்றின் இடைவெளியை மாதம் ஒருமுறை வெர்னியர் அளவியால் அளந்து, குறைந்தது ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் குறித்துவர வேண்டும். குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டும் பழைய முறை சுவர் நகர்ந்ததை மட்டுமே சொல்லும். எவ்வளவு, எந்தப் பக்கம் என்று சொல்லாது. ஆனால் 5 மில்லிமீட்டருக்கு மேல் அகன்ற விரிசலோடு கதவுகளும் சட்டத்தில் இறுகினால், ஓராண்டு காத்திராமல் கட்டமைப்புப் பொறியாளரை உடனே அழைத்துக் காட்ட வேண்டும்.

குளியலறைத் தண்ணீரைச் சுவரோரத்து வாழைக்கு விடுவது நம் ஊர்களில் வழக்கம். கரிசலில் அந்த ஒரு மூலை மட்டும் ஆண்டு முழுவதும் உப்பியிருக்க, மற்ற மூலைகள் கோடையில் இறங்கிவிடும். கசியும் குழாயும் சுவரை ஒட்டிய உறிஞ்சுகுழியும் இதே கேட்டைச் செய்கின்றன. இவற்றைச் சரிசெய்து, வீட்டைச் சுற்றிக் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு வெளிப்புறம் சாய்வாகத் தளம் போட்டாலே பல வீடுகளில் அசைவு கணிசமாகக் குறையும். அதை விட்டுவிட்டுச் சுவரில் செலவழிப்பது வீண்.

சுவரோரத்து வேம்பை வெட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. வேர்கள் உறிஞ்சிய ஈரம் மண்ணுக்குத் திரும்பும்போது அது ஆண்டுக்கணக்கில் உப்பி அஸ்திவாரத்தைத் தூக்கக்கூடும். வீட்டைவிட வயதான மரமென்றால் இந்த ஆபத்து இன்னும் அதிகம். பொறியாளரைக் கேட்காமல் அதில் கைவைக்கக் கூடாது.

அசைவு நின்றபின், சில செங்கல் வரிகளுக்கு ஒருமுறை மூட்டுக் கலவையைச் சுரண்டி எடுத்து, விரிசலுக்கு இருபுறமும் சுமார் அரை மீட்டர் நீளும் துருப்பிடிக்காத கம்பிகளை வைத்து, சுருங்காத கலவையால் நிரப்புவது நல்ல முறை. அசைவு சிறிதளவு தொடருமானால், இழுபடக்கூடிய பாலியூரித்தேன் சீலண்டே பொருந்தும். கான்கிரீட் உத்தரங்களின் விரிசலுக்குள் அழுத்திச் செலுத்தும் எபாக்சி பிசின் ஊசியை நகரும் செங்கல் சுவரில் ஏற்றுவதால் பயனில்லை.

அஸ்திவாரத்துக்கு அடியில் தோண்டிப் பலப்படுத்த நேர்ந்தால், முழுச் சுவரையும் ஒரே நேரத்தில் தோண்டுவது உயிருக்கே ஆபத்து. 1 முதல் 1.5 மீட்டர் நீளத் துண்டுகளாக, ஒன்றுவிட்டு ஒன்றாக, முடித்த துண்டு இறுகிய பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும். கரிசலில் ஈரம் மாறும் அடுக்கு சுமார் 3.5 மீட்டர் வரை இறங்கக்கூடும் என்பதால், அரைகுறை ஆழத்துக்குக் கான்கிரீட் போட்டால் அதுவும் மண்ணோடு ஆடும். இத்தகைய நிலத்துக்காகவே ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடியில் குமிழ்போல் விரிந்த பைல் (நிலத்தில் ஆழமாக இறங்கும் கான்கிரீட் தூண்) அஸ்திவாரத்தை வளர்த்தெடுத்தது. அதன்மேல் வந்து சுவரைத் தாங்கும் பிளிந்த் பீம் என்னும் கான்கிரீட் உத்தரத்துக்கு அடியில், உப்பும் மண் முட்டாதபடி விடும் வெற்றிடத்தை மண் போட்டு நிரப்பிவிட்டால் அந்த ஏற்பாடே பயனற்றுப்போகும்.

பழைய வீட்டோடு புதிய அறையை அத்தகைய பைல்மேல் சேர்த்துக் கட்டும்போது, கம்பியால் பழைய சுவரோடு பிணைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. ஆழத்தில் ஊன்றியது நிற்க, மற்றது பருவந்தோறும் ஏறி இறங்கும். ஆகவே அடி முதல் கைப்பிடிச் சுவர் வரை தொடர்ச்சியான இடைவெளி விட்டு, அதை மென்மையான பொருளால் மட்டுமே மூட வேண்டும்.