டெக்ஸ்ட் அட்வெஞ்சர் சஜஸ்ட் பண்றப்ப இதை மட்டும் பண்ணாதீங்க

டெக்ஸ்ட் அட்வெஞ்சர்னா படமே இல்லாம, கதையைப் படிச்சு கமாண்ட் டைப் பண்ணி ஆடற கேம். "புதுசா டெக்ஸ்ட் கேம் ஆடணும், எதுல ஆரம்பிக்கலாம்?"னு ஒருத்தர் கேட்டா போதும், உடனே பத்து பேர் ஸோர்க்னு சொல்றாங்க. நானும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன், அதனாலதான் இப்ப பார்க்கப் பார்க்க ஆத்திரமா வருது.

முதல் கேமாவே ஸோர்க்

1980ல இன்ஃபோகாம் கம்பெனி விட்ட ஸோர்க் முதல் பாகம் அருமையான கேம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஃப்ரெண்ட் ஒருத்தன்கிட்ட ஒண்ணும் சொல்லாம கொடுத்தேன். ஆரம்பத்துலயே காட்டுல ஒரு மரம், ஏறினா கூட்டுல நகை பதிச்ச முட்டை. கையால திறக்க வரல, வீட்டுக்குள்ள இருந்த வாளை எடுத்து நெம்பிட்டான். முட்டை திறந்துச்சு, உள்ள இருந்த பொம்மைக் குருவி நாசமாப் போச்சு. அழகு கெட்டுப்போச்சுன்னு கேம் ஒரு வரி சொல்லும், ஆனா இனிமே நீ முடிக்கவே முடியாதுன்னு சொல்லாது. அவன் மூணு வாரம் நோட்டுல மேப் வரைஞ்சு ஆடினான், 350 பாயின்ட் வந்தாத்தான் முடிவு, வரவே இல்ல. "முட்டையை எப்படிடா திறந்த?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. இருந்தது ஒரே ஒரு சேவ், அதுவும் முட்டை உடைஞ்சதுக்கு அப்புறம். அதோட விட்டவன் இன்னிக்கு வரைக்கும் இந்தப் பக்கம் வரல, அது என் தப்பு.

இப்படி முடிக்கவே முடியாம ஒரு கேம் எவ்வளவு மோசமா மாட்டிவிடும்னு அளக்க, டெக்ஸ்ட் கேம் எழுதற ஆண்ட்ரூ ப்ளாட்கின் 5 படி அளவுகோல் ஒண்ணு வச்சிருக்கார். மெர்சிஃபுல்னா மாட்டிக்கவே முடியாது, க்ரூயல்னா மாட்டினதே தெரியாது. சொல்றதுக்கு முன்னாடி கேம் எந்தப் படின்னு பாருங்க. நான் இப்பெல்லாம் 2007ல வந்த லாஸ்ட் பிக் தான் கொடுக்கறேன். காணாமப்போன பன்னியைத் தேடற ஓர்க் (மாயாஜாலக் கதைகள்ல வர்ற முரட்டு ஜந்து) ஒண்ணோட கதை, ஏடாகூடமா எதை டைப் பண்ணாலும் ரசிக்கற மாதிரி பதில் வரும், புதுசா வர்றவங்களுக்கு அந்த தைரியம்தான் வேணும்.

கமாண்ட் சொல்லித்தராம விடறது

எக்ஸ்னு டைப் பண்ணி பொருள் பேரைப் போட்டா அதை உத்துப் பார்க்கும், ஐ போட்டா கையில இருக்கறது தெரியும், இசட் போட்டா காத்திருக்கும். கடைசியா பண்ணதை மாத்திக்கற அன்டூ பத்தியும் சொல்லுங்க, ஸோர்க்ல அது கிடையாதுங்கறதையும் சேர்த்து.

கதையைச் சொல்லிடறது

1998ல வந்த ஃபோட்டோபியா மாதிரி கதைதான் எல்லாமேங்கற கேம்னா, கதையைச் சொல்லிட்டா ஆட ஒண்ணும் மிச்சமிருக்காது. பேரை மட்டும் சொல்லுங்க.

வாக்-த்ரூவையும் சேர்த்து அனுப்பறது

வாக்-த்ரூன்னா ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் என்ன டைப் பண்ணணும்னு சொல்ற விடைத்தாள், அது வேண்டாம். மாட்டிக்கிட்டு வந்து கேட்டாக்கூட விடையைச் சொல்லாதீங்க, "அந்த ரூம்ல இருக்கறதையெல்லாம் எக்ஸ் போட்டுப் பார்த்தியா?"ன்னு மட்டும் கேளுங்க.