ஃபிஷிங் வலையில் கடவுச்சொல்லைப் பறிகொடுக்காமல் இருப்பது எப்படி?

நம்பகமான நிறுவனத்தைப் போல நடித்துக் கடவுச்சொல்லைப் பறிக்கும் மோசடிதான் ஃபிஷிங். எழுத்துப் பிழைகள், கோணலான சின்னம், அனுப்பியவரின் விசித்திரமான பெயர் ஆகியவற்றை வைத்துப் போலி மின்னஞ்சலை அடையாளம் கண்டுவிடலாம் என்ற அறிவுரை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது காலாவதியாகிவிட்டது. ஒரு நிறுவனத்தின் நுழைவுப் பக்கத்தை அச்சு அசலாக நகலெடுக்கச் சில நிமிடங்கள் போதும். பிழையில்லாத கடிதத்தை எழுதித்தரச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இருக்கின்றன. முகவரிக்கு அருகில் தெரியும் பூட்டுச் சின்னமும் கைகொடுக்காது. உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையிலான தகவல், வழியில் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்படுகிறது என்பதை மட்டுமே அது சொல்லும். தளத்தை நடத்துபவர் யார், யோக்கியரா என்பதையெல்லாம் சொல்லாது. அதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைப்பதால் போலித் தளங்களிலும் பூட்டு தொங்குகிறது. மக்கள் அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால்தான் கூகுள் நிறுவனம் 2023இல் குரோம் உலாவியின் முகவரிப் பட்டையில் அச்சின்னத்தை மாற்றிவிட்டது.

ஆகவே, தோற்றத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய நிலைமையே பெரும்பாலும் வராதபடி பழக்கங்களையும் கருவிகளையும் அமைத்துக்கொள்வதுதான் பயன் தரும்.

முதல் பழக்கம் எளிமையானது: எந்தச் செய்தி உங்களை நுழையச் சொல்கிறதோ, அந்தச் செய்தியின் வழியாக நுழையாதீர்கள். கணக்கு முடக்கப்படும் என்று மின்னஞ்சல் வந்தாலும், பார்சல் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று குறுஞ்செய்தி வந்தாலும், கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொன்னாலும், அதை மூடிவிட்டு, நீங்களே முன்பு சேமித்துவைத்த புக்மார்க் வழியாகவோ செயலி வழியாகவோ கணக்குக்குள் சென்று பாருங்கள். உண்மையிலேயே ஏதேனும் சிக்கல் இருந்தால் அங்கேயும் அது தெரியும். 2016 மார்ச்சில், ஹிலாரி கிளின்டனின் தேர்தல் பிரசாரத் தலைவரான ஜான் பொடெஸ்டாவுக்கு, அவருடைய கடவுச்சொல் யாரிடமோ சிக்கிவிட்டதாகக் கூகுள் அனுப்பியதைப் போன்ற எச்சரிக்கை ஒன்று வந்தது. கணினிப் பிரிவு ஊழியரிடம் விசாரித்தபோது, அவர் கடவுச்சொல்லை மாற்றும்படி சொன்னதோடு கூகுளின் சரியான முகவரியையும் எழுதி அனுப்பினார். ஆனால் சொடுக்கப்பட்டது என்னவோ போலி மின்னஞ்சலில் இருந்த இணைப்புதான். சரியான முகவரி கையில் இருந்தும், நுழைந்த வாசல் தவறாகிப் போனது.

இணைப்பைத் திறந்தே ஆக வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு என்பதால், முகவரியைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். நாம் இடமிருந்து வலமாகப் படித்துப் பழகியவர்கள்; ஏமாற்றுக்காரர்கள் இந்தப் பழக்கத்தின் மீதுதான் பந்தயம் கட்டுகிறார்கள். இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் பின்னோக்கிப் படியுங்கள். 'மைபேங்க்.காம்.லாகின்-செக்.நெட்/அக்கவுண்ட்' என்ற முகவரியை எடுத்துக்கொள்வோம். சாய்கோட்டுக்கு முன்னால் 'நெட்', அதற்கு முன்னால் 'லாகின்-செக்'. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் தளத்தின் உரிமையாளருடைய பெயர். முன்னால் நிற்கும் 'மைபேங்க்.காம்' என்பது அவர் தன் விருப்பத்துக்கு ஒட்டவைத்துக்கொண்ட வெறும் அலங்காரம். 'கோ.யூகே' போல ஈற்றுப் பகுதியே இரண்டு துண்டாக இருந்தால் இன்னும் ஒரு துண்டு சேர்த்துப் படிக்க வேண்டும். அதே இடத்தில் 'அட்' குறி (@) தென்பட்டால் கூடுதல் கவனம் தேவை: அந்தக் குறிக்கு முன்னால் இருப்பதை உலாவி பயனர் பெயராகவே கருதும், பின்னால் இருக்கும் தளத்துக்குத்தான் உங்களை அழைத்துச் செல்லும். கைப்பேசித் திரையில் நீண்ட முகவரி முழுதாகத் தெரியாதபோது, முகவரிப் பட்டையைத் தொட்டு நகர்த்திப் பார்க்காமல் எதையும் தட்டச்சு செய்யாதீர்கள்.

இதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. ரஷ்ய மொழியை எழுதப் பயன்படும் சிரிலிக் எழுத்துகளில் சில, ஆங்கில எழுத்துகளிலிருந்து கண்ணால் பிரித்தறிய முடியாத வடிவம் கொண்டவை. அவற்றைக் கொண்டே ஆப்பிள் நிறுவனத்தின் முகவரியைப் போலத் தோன்றும் ஒரு முகவரியை 2017இல் ஓர் ஆய்வாளர் பதிவுசெய்து காட்டினார். கண்ணுக்குத் தெரியாத இந்த வேறுபாடு, கடவுச்சொற்களைச் சேமித்துவைத்து நிரப்பித்தரும் கருவியான கடவுச்சொல் மேலாளருக்குத் தெரியும். இக்கருவியைப் பெரும்பாலானோர் நினைவாற்றலுக்கு மாற்றாக மட்டுமே கருதுகிறார்கள். என் பார்வையில் அதன் பெரிய பயன் வேறு. எந்த முகவரிக்காகக் கடவுச்சொல்லைச் சேமித்ததோ, அந்த முகவரியில் மட்டுமே அது தானாக நிரப்பும். வழக்கமாக நிரப்புகிற மேலாளர் ஒரு பக்கத்தில் சும்மா இருந்தால், கடவுச்சொல்லை நகலெடுத்து ஒட்டப் போகாமல், கையை எடுத்துவிட்டு முகவரியை மறுபடி பாருங்கள். ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனிக் கடவுச்சொல்லை அதுவே உருவாக்கித் தருவதால், ஒரு தளத்தில் திருடப்பட்டதை இன்னொரு தளத்தில் போட்டுப் பார்க்கும் முயற்சியும் பலிக்காது. பழைய கசிவுகளில் உங்கள் மின்னஞ்சல் முகவரி இடம்பெற்றிருக்கிறதா என்பதை, இணையப் பாதுகாப்பு வல்லுநர் டிராய் ஹன்ட் 2013இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

ஓடிபி இருக்கிறதே, பிறகென்ன கவலை என்று கேட்பவர்கள் அதன் பலவீனத்தை அறிந்திருக்க வேண்டும். இன்றைய போலிப் பக்கங்கள் பலவும் உங்களுக்கும் உண்மையான தளத்துக்கும் நடுவே இடைத்தரகரைப் போல அமர்ந்து வேலை செய்கின்றன. நீங்கள் கடவுச்சொல்லை இடுகிறீர்கள். அது அதே நொடியில் உண்மைத் தளத்துக்குப் போகிறது. உண்மைத் தளம் உங்களுக்கு ஓடிபி அனுப்புகிறது. அது அசலான ஓடிபிதான். அதையும் போலிப் பக்கத்தில் இடுகிறீர்கள். அது காலாவதியாகும் முன்பே மறுபுறம் சேர்க்கப்படுகிறது. உள்ளே நுழைந்ததற்கு அடையாளமாக உண்மைத் தளம் வழங்கும் குக்கீ என்ற சிறு தரவுத் துணுக்கு, ஏமாற்றுக்காரரின் கையில் தங்கிவிடுகிறது. அது செல்லுபடியாகும்வரை அவருக்குக் கடவுச்சொல்லும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம்.

இந்த இடைத்தரகு வேலையை முறியடிப்பவை, கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாதனத்தில் சேமிக்கப்படும் மின்னணுச் சாவியான பாஸ்கீயும், யூஎஸ்பி வடிவில் கிடைக்கும் பாதுகாப்புச் சாவியும். இவற்றில் தட்டச்சு செய்ய வேண்டிய ரகசியம் எதுவும் இல்லை. சாதனத்துக்குள் இருக்கும் சாவி, எந்தத் தளத்துக்காக உருவாக்கப்பட்டதோ அந்தத் தளத்தின் முகவரிக்கு மட்டுமே கையொப்பமிடும். போலி முகவரியில் நீங்கள் முழுமையாக ஏமாந்துவிட்டாலும் சாவி ஏமாறாது. 2022இல் இணையச் சேவை நிறுவனமான கிளவுட்ஃபிளேரின் ஊழியர்கள் 76 பேருக்குப் போலிக் குறுஞ்செய்திகள் வந்தன; அவர்களில் 3 பேர் கடவுச்சொல்லை இட்டும்விட்டார்கள். ஊழியர் அனைவரும் பாதுகாப்புச் சாவி வைத்திருந்ததால் யாராலும் உள்ளே நுழைய முடியவில்லை. எல்லாக் கணக்குகளுக்கும் ஒரே நாளில் பாஸ்கீ அமைக்க இயலாவிட்டால் மின்னஞ்சல் கணக்கிலிருந்து தொடங்குங்கள். மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்புகள் அங்குதானே வந்து சேர்கின்றன.

'நீங்கள்தானா?' என்று கேட்டு ஒப்புதல் கோரும் அறிவிப்புகள் தொடர்ந்து வந்தால் எரிச்சலில் 'ஆம்' என்று தட்டிவிடாதீர்கள். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்தின் கணினி அமைப்புக்குள் ஊடுருவல் நடந்ததற்கு இதுவே வழியமைத்தது. நீங்கள் நுழைய முயலாதபோது அத்தகைய அறிவிப்பு வருகிறது என்றால் பெரும்பாலும் உங்கள் கடவுச்சொல் ஏற்கெனவே வேறொருவரிடம் இருக்கிறது என்று பொருள். அதை உடனே மாற்றுங்கள். தொலைபேசியில் அழைத்து ஓடிபி கேட்பவர் யாராக இருந்தாலும், எந்தப் பதவியைச் சொன்னாலும், பேச்சைத் துண்டித்துவிடலாம். மரியாதைக் குறைவாக இருக்குமோ என்ற தயக்கம் வேண்டாம்.

கடவுச்சொல்லை இட்டுவிட்ட பிறகு சந்தேகம் வந்தால், வெட்கப்பட்டு நேரத்தைக் கடத்தாமல் வேலையில் இறங்க வேண்டும். அந்தப் பக்கம் ஏதாவது கோப்பைத் தரவிறக்கச் செய்திருந்தால், நீங்கள் பயன்படுத்திய கணினியிலோ கைப்பேசியிலோ திருட்டு நிரல் புகுந்திருக்கக்கூடும் என்பதால், அடுத்த வேலைகளுக்கு இன்னொரு சாதனத்தைப் பயன்படுத்துங்கள். உண்மைத் தளத்துக்குச் சென்று கடவுச்சொல்லை மாற்றியதும், 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்ற வசதியைத் தேடிச் சொடுக்குங்கள். திருடப்பட்ட குக்கீயைச் செல்லாததாக்குவது அதுதான். அதே கடவுச்சொல்லை வேறெங்கேனும் பயன்படுத்தியிருந்தால் அங்கும் மாற்ற வேண்டும். பலரும் தவறவிடுவது இதற்கு அடுத்த கட்டத்தை: கணக்கை மீட்பதற்கான மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் உங்களுடையவையா, உங்களுக்கு வரும் மின்னஞ்சல்களைச் சத்தமில்லாமல் வேறு முகவரிக்கு அனுப்பும் விதி ஏதேனும் சேர்க்கப்பட்டிருக்கிறதா, நீங்கள் அறியாத செயலிக்கு அனுமதி வழங்கப்பட்டிருக்கிறதா என்று அமைப்புகள் பகுதியில் ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்குங்கள். இவை இருக்கும்வரை, கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் திருடருக்குப் பின்வாசல் திறந்தே இருக்கும். பணம் தொடர்புடைய கணக்கு என்றால், இந்த வேலைகளுக்கெல்லாம் முன்பாகவே அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணில் வங்கியை அழைத்துப் பரிவர்த்தனைகளை நிறுத்தச் சொல்லுங்கள். அலுவலகக் கணக்கு என்றால் கணினிப் பிரிவுக்குத் தகவல் சொல்லிவிட்டு, வந்த மின்னஞ்சலை அழிக்காமல் அப்படியே வைத்திருங்கள். அதே மின்னஞ்சல் வேறு யாருக்கெல்லாம் போயிருக்கிறது என்பதை அதை வைத்துத்தான் அவர்கள் தேட முடியும்.