தம்பலகாமத்து வயற்பாதைகளில் கிரவல் சைக்கிள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரி மழை ஓய்ந்து பெரும்போக வெள்ளாமை முற்றத் தொடங்கும் தை, மாசி மாதங்களில், திருகோணமலை நகரிலிருந்து தம்பலகாமத்துப் பக்கம் கிரவல் சைக்கிளில், அதாவது மண், சரளைப் பாதைகளுக்கென்று செய்யப்பட்ட சைக்கிளில், வரும் இளைஞர்களை இப்போது அடிக்கடி காண முடிகிறது. ஒரு காலத்தில் நாங்கள் செய்த தவறுகளையே அவர்களும் ஒன்று விடாமல் செய்வதைப் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன். தலைக்கவசம், தண்ணீர்ப் போத்தல், மேலதிக ரியூப் ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். இந்த மண்ணுக்கும் இந்த வயல்வெளிக்கும் உரிய தவறுகளே இங்கு முக்கியம்.

வரைபடத்துக் கோட்டைப் பாதை என்று நம்புதல்

கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வாய்க்கால்களின் ஓரமாக நல்ல கிரவல் பாதைகள் பல செல்கின்றன. கைபேசி வரைபடத்தில் அவை கிண்ணியாப் பக்கம் வரை தொடர்ச்சியாகப் போவதுபோலத் தெரியலாம். ஆனால் தண்ணீரைத் திறந்துவிடும் மதகான ஒரு துரிசைத் தாண்டியதும் பாதை ஒற்றை வரம்பாக ஒடுங்கிவிடுவதுண்டு. வாய்க்காலைக் கடக்குமிடத்தில் பாலத்துக்குப் பதிலாக ஒரு தென்னங்குற்றி மட்டும் கிடப்பதும் உண்டு. ஊரில் விசாரிப்பவர்களும் பெரும்பாலும் கேள்வியைப் பிழையாகக் கேட்கிறார்கள். "இதால போகலாமா?" என்று கேட்டால், நாள்தோறும் வரம்பில் நடந்து பழகியவர் "போகலாம்" என்றே சொல்வார், அவர் சொல்வதில் பொய்யில்லை. "இதால லேண்ட்மாஸ்டர் போகுமா, கடைசியாக எப்போது போனது?" என்று, இரு சில்லு உழவு இயந்திரத்தைப் பற்றிக் கேளுங்கள். லேண்ட்மாஸ்டர் அண்மையில் போய்வந்த பாதையில் உங்கள் சைக்கிளும் போகும்.

ஈரக் களியில் சிக்கியபின் மிதித்து வெளியேற முயலுதல்

மற்றத் தவறுகள் ஒரு நாளைக் கெடுக்கும். இந்த ஒன்று சைக்கிளையே கெடுக்கும். பலமுறை சொல்லியும் யாராவது ஒருவர் இதைத் திரும்பவும் செய்வதைக் காணும்போது எனக்கு இன்றும் பொறுக்க முடிவதில்லை.

இப்பகுதியில் இரண்டு வகை மண் உண்டு. மேட்டுநிலத்துச் செம்மண்ணும் அதன் மேல் கொட்டிய கிரவலும் தண்ணீரை விரைவாக வடியவிடும். மழை விட்டுச் சிறிது நேரத்தில் அங்கே ஓடலாம். பள்ளத்து வயல்களின் சாம்பல் நிறக் களி அப்படியல்ல. காய்ந்தால் கல்லாக இறுகி வெடிக்கும். நனைந்தால் தொட்டதையெல்லாம் பற்றிக்கொள்ளும். தண்ணீர் தேங்கி நிற்கும் சுரிதான் ஆபத்தானது என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் நீர்த்த சேறு சில்லிலிருந்து வழிந்து விழுந்துவிடும். மேற்பரப்பு வெயிலில் வெளிறி, உள்ளே ஈரம் மாறாமல் இருக்கும் அரைக்காய்ச்சல் களிதான் பிசைந்த மாவைப்போல ரயரில் அடுக்கடுக்காக ஒட்டி, வழியில் கிடக்கும் வைக்கோலையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு, முன் கவட்டுக்கும் சில்லுக்கும் இடையிலுள்ள சில மில்லிமீற்றர் இடைவெளியை அடைத்துவிடுகிறது.

சில்லு இறுகியதும் இருக்கையை விட்டு எழுந்து முழுப் பலத்தோடு மிதிப்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றுகிறது. அந்த நேரத்தில், கியர் மாற்றும் உறுப்பான பின் டெரயிலரின் சிறு பற்சில்லுகளிலும் களி அடைத்திருப்பதால் சங்கிலி அதனூடாக ஓட முடியாது. காலின் விசை முழுவதும் டெரயிலரைப் பின்னோக்கி மேலே இழுக்கிறது. அதைச் சட்டத்தோடு பிணைக்கும் ஹேங்கர் என்ற சிறு அலுமினியத் துண்டு உடைகிறது. சட்டத்தைக் காப்பாற்றுவதற்காக முதலில் உடையும்படி செய்யப்பட்ட துண்டுதான் அது. ஆனால் அது உடைந்ததும் டெரயிலர் சில்லுக்குள் புகுந்து கம்பிகளையும் முறிக்கக்கூடும்.

ஒரு கார்த்திகை மாதத்தில், இரவு பெய்த மழைக்குப் பிறகு நன்றாக வெயில் எறித்த காலையில், நகரத்திலிருந்து வந்த ஒரு தம்பி பிரதான வீதிக்குக் குறுக்கு வழி என்று வயலுக்குள் திரும்பினார். வேண்டாம் என்று நான் மறித்தபோது, "கொஞ்ச தூரம்தானே அண்ணா, மிதிச்சா வெளியில வந்திடும்" என்றார். பாதி வழியிலேயே சில்லு இறுகியது. எழுந்து நின்று மிதித்தார். ஹேங்கரும் டெரயிலரும் சில கம்பிகளும் ஒன்றாகப் போயின. அங்கே உரம் ஏற்றி வந்த ஒருவர் தம் லேண்ட்மாஸ்டர் பெட்டியில் சைக்கிளைப் போட்டு வீதி வரை கொண்டுவந்து விட்டார். ஹேங்கர் ஒவ்வொரு மாதிரிச் சைக்கிளுக்கும் வெவ்வேறு வடிவம் கொண்டது. சைக்கிள் உதிரிப்பாகங்கள் செய்யும் எஸ்ராம் நிறுவனம் 2019 இல் கொண்டுவந்த யூ.டி.எச். என்னும் பொது வடிவம் பல புதிய சட்டங்களில் இருந்தாலும், எல்லாவற்றிலும் இல்லை. நம் ஊர்க் கடைகளில் இது தேடினாலும் கிடைப்பது அரிது; கொழும்பிலோ வெளிநாட்டிலோ சொல்லி எடுப்பிக்க வேண்டும். அந்தத் தம்பியின் சைக்கிள், வயற்பாதைகள் காய்ந்து ஓடத் தகுந்த நல்ல காலம் முழுவதும் சுவரில் சாத்தியே கிடந்தது.

இத்தனைக்கும், முதல் சில அடிகளிலேயே இறங்கியிருந்தால் எதுவும் நடந்திராது. மண் சட்டத்தில் உரசும் ஒலி கேட்டவுடன் மிதிப்பதை நிறுத்துங்கள். உருட்டவும் வேண்டாம், உருட்டினாலும் களி சேரும். சைக்கிளைத் தோளில் தூக்கி, வந்த வழியே திரும்புங்கள். கடினமான தரைக்கு வந்தபின் ஒரு தட்டைக் குச்சியால் கவட்டையும் பற்சில்லுகளையும் சுரண்டி, வாய்க்கால் தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். பின் சில்லை உயர்த்திப் பிடித்து, பெடலைக் கையால் மெதுவாகச் சுற்றிச் சங்கிலி தடையின்றி ஓடுவதை உறுதிசெய்த பிறகே ஏறுங்கள். உங்கள் சட்டத்துக்குப் பொருந்தும் ஹேங்கர் ஒன்றை இன்றே வாங்கிப் பையில் வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் செம்மண் பாதையையும் முழுமையாக நம்ப முடியாது. உழவு முடித்து இரும்புச் சில்லோடு வெளியேறும் இயந்திரங்கள் வயலின் களியைக் கிரவல் மீது இழுத்துவந்து விட்டுச் செல்கின்றன. வயல் வாசல்களுக்கு எதிரே பாதையின் நிறம் சிவப்பிலிருந்து சாம்பலுக்கு மாறினால் இறங்கி நடவுங்கள்.

வீதியில் காயும் நெல்

அதன் மேல் ஒருபோதும் சில்லை ஏற்றாதீர்கள்.

ஈரமான வாய்க்கால் கட்டிலும் குளக்கட்டிலும் தடம் பதித்தல்

வாய்க்கால் கட்டும் குளக்கட்டும் ஓடுவதற்கு இனிமையானவை. காற்றும் நிழலும் ஒருங்கே கிடைக்கும். ஆனால் நனைந்த கட்டில் சில்லு கிழிக்கும் தடம் அடுத்த மழையில் நீரோடும் கோடாகி, அங்கிருந்து மண் கரையத் தொடங்கும். 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்ததை இப்பகுதிப் பெரியவர்கள் மறக்கவில்லை. சைக்கிள் தடத்தால் பெருங்குளம் உடையாதுதான். ஆயினும் கட்டுக்குச் சேதம் வரும் எதையும் இங்குள்ளவர்கள் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. வயலுக்கான நீரைக் கவனிக்கும் வட்டவிதானையார் மறித்தால் மறுபேச்சில்லாமல் இறங்குவதே முறை; அவர் காப்பது அந்த வெளி முழுவதற்கும் பாயும் தண்ணீரை.

ரயருக்குக் கல்லுப்போலக் காற்றடித்தல்

தார் வீதிப் பழக்கத்தில் வருபவர்கள் ரயரை அமுக்க முடியாதபடி காற்றடித்துக்கொண்டு வருகிறார்கள். உழவு இயந்திரங்கள் ஓடி அலையலையாகிப் போன கிரவலில் அந்த ரயர் துள்ளும். கையும் இடுப்பும் நோகும். வளைவுகளில் பிடிப்பும் இராது. 40 மில்லிமீற்றர் அகலமுள்ள ரயருக்கும் நடுத்தர உடல் எடைக்கும் 30 முதல் 40 பி.எஸ்.ஐ. வரை போதும். ரியூப் இல்லாத ரியூப்லெஸ் ரயர் என்றால் இன்னும் சற்றுக் குறைக்கலாம். வேலி திருத்தும் காலத்தில் வெட்டிப் போட்ட முட்கள் பாதையோரம் நெடுகக் கிடக்கும் என்பதால், ரியூப்லெஸ் ரயருக்குள் இருக்கும், துளையை அடைக்கும் சீலன்ட் என்ற திரவம் உலர்ந்து போயிருக்கிறதா என்றும் பாருங்கள். நமது வெப்பத்தில் அது விரைவில் உலரும்.

யானையின் நேரத்தில் ஓடுதல்

கந்தளாய்ப் பக்கமும் பன்குளம், மொறவெவப் பக்கமும் யானை நடமாட்டம் உண்டு. வெயிலுக்குப் பயந்து விடியுமுன் புறப்படுவது நல்ல பழக்கமாகத் தோன்றும். காட்டோரப் பாதையில் அதுவே பெரிய தவறு. இருள் விலகாத வேளையில் யானை பற்றைக்குள் நின்றாலும் தெரியாது, கிரவலில் சில்லு எழுப்பும் ஒலியில் அதன் அசைவும் கேட்காது. பொழுது நன்றாக விடிந்து, ஊர்க்காரர் ஒருவரிடம் இரவு யானை எந்தப் பக்கம் நின்றது என்று கேட்டபின் அந்தப் பாதையில் இறங்குங்கள். மாலை ஐந்து மணிக்கு முன் தார் வீதிக்கு வந்துவிடுங்கள். பாதையில் இலத்தி கிடந்து அது இன்னும் ஈரமாக இருந்தால், படம் எடுக்க நில்லாமல் திரும்புங்கள்.