ரொறன்ரோவுக்கு வரும் மட்டக்களப்புப் பிள்ளைகளே, லீஃப்ஸ் ஆட்டத்துக்கு டிக்கெட் எடுக்கும் முன் இதை வாசியுங்கள்

கல்லடியில் அம்மா வீட்டு விறாந்தையில் இருந்து இதை எழுதுகிறேன். மூன்று கிழமை விடுமுறை. வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு பிள்ளைகளுக்கு கனடா விசா கிடைத்திருக்கிறது, ஆரையம்பதியில் ஒருவர், களுவாஞ்சிக்குடியில் ஒரு குடும்பம். எல்லாரும் வந்து கேட்பது குளிர் எப்படி, வாடகை எவ்வளவு, வேலை உடனே கிடைக்குமா என்பதுதான். அதற்குப் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். போய்ச் சேர்ந்த கிழமையே சமூகக் காப்புறுதி இலக்கத்தை எடுங்கள், ஹெல்த் கார்ட்டுக்கு விண்ணப்பியுங்கள், வங்கிக் கணக்குத் திறங்கள், பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஒரு பிரெஸ்டோ கார்ட் வாங்குங்கள். சரி, அது முடிந்தது. முதல் மாரிகாலத்தில் நாலரை மணிக்கே இருட்டி, வீட்டு நினைப்பு நெஞ்சை அடைக்கும்போது என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அந்த நகரத்தின் ஒரு அணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். என்னைக் காப்பாற்றியது லீஃப்ஸ் என்ற ரொறன்ரோ ஹொக்கி அணிதான். அந்த அணியைப் பார்க்கப் போகிற வழியில் என்னுடைய 480 டொலர் எப்படிப் போனது என்பதையும் சொல்லத்தான் இவ்வளவு நேரம் மினக்கெட்டு எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். நாங்கள் புட்போல் என்று சொல்லுகிற உதைபந்தாட்டத்துக்கு அங்கே சொக்கர் என்று பெயர். அவர்கள் புட்போல் என்றால், முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம். ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர், பத்து யார் முன்னேற மூன்று வாய்ப்பு. ஹொக்கி என்றால் நம் பள்ளிக்கூடங்களில் புல்லில் விளையாடுவது இல்லை, பனிக்கட்டித் தரையில் சறுக்குக் காலணியோடு விளையாடுவது. புட்போலுக்கு ஆர்கோனாட்ஸ் என்ற அணி, 1873இல் தொடங்கியது. சொக்கருக்கு ரொறன்ரோ எஃப்சி, 2007இல் வந்தது. இரண்டும் ஏரிக்கரையில் உள்ள பிஎம்ஓ ஃபீல்ட் என்ற ஒரே மைதானத்தில்தான் விளையாடுகின்றன. ஏறாவூர்ப் பிள்ளை ஒருவன் அந்த மைதானத்தில் புட்போல் என்று பார்த்துவிட்டு உதைபந்தாட்டம் என்று நினைத்து டிக்கெட் எடுத்து, போய் இருந்து, முதல் கால்மணி நேரம் கோல்காப்பாளர் எங்கே என்று தேடியிருக்கிறான். ஆனால் கடைசி வரை இருந்து பார்த்துவிட்டுத்தான் வந்தான், இப்போது ஆர்கோஸ் ஆள். அவர்கள் 2022லும் 2024லும் புட்போலின் பெரிய கிண்ணமான கிரே கப்பை வென்றார்கள், அவனுடைய தலைக்கனத்தைத் தாங்க முடியவில்லை.

பருவத்தை வயலை வைத்து ஞாபகம் வையுங்கள். ஹொக்கி பெரும்போகம் மாதிரி, ஒக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை போகும், நல்லாக விளைந்தால் பிளேஓஃப் என்ற கிண்ணத்துக்கான கடைசிச் சுற்றுகள் என்று ஜூன் வரைக்கும் இழுக்கும். புட்போல் சிறுபோகம் மாதிரி, ஜூனில் தொடங்கி நவம்பரில் முடியும். இரண்டையும் பிடித்தால் வருடத்தில் வெறும் நாள் என்று அதிகம் இராது.

ஹொக்கி எனக்கு வந்த வழியைச் சொல்ல வேண்டும். நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தில். என் பகுதியில் சக்கர நாற்காலியில் ஒரு ஐயா இருந்தார், வெள்ளைக்காரர். சனிக்கிழமை இரவு ஏழு மணி என்றால் அவரைத் தொலைக்காட்சிக்கு முன்னால் கொண்டுபோய் விட வேண்டும், ஒரு நிமிடம் பிந்தினாலும் கோபம் வரும். ஹொக்கி நைட் இன் கனடா என்ற அந்த நிகழ்ச்சி தொலைக்காட்சிக்கு வந்தது 1952இல், அதற்கு முன் வானொலியில் கேட்டு வளர்ந்தவர் அவர். என்னையும் பக்கத்தில் இருத்தி, விரலைக் கண்ணாடியில் வைத்துக் காட்டிக் காட்டிச் சொல்லித் தந்தார். மூன்று பகுதி, ஒவ்வொன்றும் இருபது நிமிடம். கோல்காப்பாளரோடு ஆறு பேர். குற்றம் செய்தவன் இரண்டு நிமிடம் பெட்டிக்குள் இருக்க வேண்டும், அந்த இரண்டு நிமிடமும் மற்றப் பக்கத்துக்கு ஒரு ஆள் கூட. அவ்வளவு தெரிந்தால் போதும், மிச்சம் தானாக வரும்.

மேப்பிள் லீஃப்ஸ் கடைசியாக ஹொக்கியின் பெரிய கிண்ணமான ஸ்டான்லி கப்பை வென்றது 1967இல், மொன்றியலைத் தோற்கடித்து. ஐயா அப்போது இளந்தாரி. அந்த அணியில் விளையாடிய ரிம் ஹோர்ட்டனின் பெயரில்தான் நீங்கள் போன முதல் நாளே கோப்பி குடிக்கப் போகிற கடை இருக்கிறது, 1964இல் ஹமில்ட்டனில் தொடங்கியது. 2013 மே மாதம் பிளேஓஃபில் பொஸ்டனோடு ஏழாவது ஆட்டம், வென்றவர் அடுத்த சுற்றுக்கு, தோற்றவர் வீட்டுக்கு. மூன்றாவது பகுதியில் நாங்கள் நாலுக்கு ஒன்று என்று முன்னுக்கு நிற்கிறோம். நான் மருந்துத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். அவர்கள் முதலில் ஒரு கோல் போட்டார்கள், பிறகு கடைசி ஒன்றரை நிமிடத்துக்குள் இன்னும் இரண்டு கோல் போட்டுச் சமப்படுத்தி, மேலதிக நேரத்தில் வென்றுவிட்டார்கள். ஐயா ஒன்றும் பேசவில்லை. போர்வையின் ஓரத்தை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார், பிறகு தேத்தண்ணி கேட்டார். நான் அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். ஊரை விட்டு வந்து நாலு வருடத்தில், அந்த நகரத்துக்காக நான் அழுதது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து நான் லீஃப்ஸ்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது விளங்கும். கண்ணகி அம்மன் பேரில் கொம்புமுறி நடக்கும்போது ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்துவிடும், நீ எந்தச் சேரி என்பது பிறப்போடு வந்தது, கொம்பு முறிந்த சேரியை மற்றச் சேரி பாட்டுப் பாடியே கொல்லும். அம்மம்மா தென்சேரிக்காரி, எண்பது வயதிலும் வடசேரி என்ற சொல்லை முகத்தைச் சுழிக்காமல் சொல்லமாட்டா. ரொறன்ரோவும் மொன்றியலும் அப்படித்தான். அதனால்தான் தம்பியின் மகன் வந்திறங்கி மூன்றாவது மாதம், அவனுடைய முதல் ஆட்டம் மொன்றியலோடுதான் இருக்க வேண்டும், அதுவும் சனிக்கிழமை இரவு என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

இனித்தான் கவனமாக வாசிக்க வேண்டியது.

மொன்றியல் ஆட்டம், சனிக்கிழமை என்றால் டிக்கெட் விலை நெருப்பு. பேஸ்புக்கில் ஒரு தமிழ்க் குழுவில் ஒருவர் இரண்டு டிக்கெட், வேலை வந்துவிட்டது, போக ஏலாது, இரண்டும் 480 டொலர் என்று போட்டிருந்தார். மற்ற இடங்களில் பார்த்த விலையை விட நல்ல குறைவு. நான் என்ன செய்தேன்? நாங்கள் ஊரில் செய்வதைத்தான் செய்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு ஆளை அறிய மூன்று கேள்வி போதும். எந்த ஊர், எந்தக் குடி, ஆரிட மகன். மூன்றையும் கேட்டேன். மூன்றுக்கும் பதில் சொன்னான். எங்கள் கோயிலின் பெயர் சொன்னான், திருவிழா எந்த மாதம் என்று சொன்னான், என் அண்ணனை அவருடைய வீட்டுப் பெயரைச் சொல்லி "சுகமா இருக்காரா அக்கா?" என்று கேட்டான். அந்த "அக்கா"வில் நான் விழுந்தேன். ஈ-ட்ரான்ஸ்ஃபர், அதாவது வங்கிக் கணக்கில் இருந்து நேரே பணம் அனுப்பினேன். டிக்கெட் என்று இரண்டு படம் வட்ஸ்அப்பில் வந்தது. பகுதி, வரிசை, இருக்கை இலக்கம், பார்கோடு எல்லாம் இருந்தது.

சனிக்கிழமை கென்னடியில் ரயில் ஏறி, புளோர்-யங்கில் மாறி, யூனியனில் இறங்கினோம். யூனியனில் இருந்து, லீஃப்ஸ் விளையாடுகிற ஸ்கோஷியாபாங்க் அரீனாவுக்கு உள்ளாலேயே நடக்கலாம், வெளியே குளிருக்குள் போகத் தேவையில்லை. சுற்றிவர நீலச் சட்டை. மருமகனுக்கு நான் வாங்கிக் கொடுத்த நீலச் சட்டை தோளில் கொஞ்சம் பெரிது, கையை மடித்து விட்டிருந்தான். வாசலில் நின்ற பிள்ளை ஸ்கானரைப் போனில் பிடித்தது, சிவப்பு. திரும்பப் பிடித்தது, சிவப்பு. பிறகு மெதுவாகச் சொன்னது, இது ஸ்கிரீன்ஷொட், இதை எடுக்க ஏலாது என்று. பக்கத்தில் நின்றவருடைய போனைக் காட்டியது. அவருடைய பார்கோட்டுக்கு மேலால் ஒரு கோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. கோடு உயிரோடு இருக்க வேண்டும், சில விநாடிக்கு ஒரு தடவை மாறிக்கொண்டே இருக்கும். என்னுடையது செத்த படம்.

அழைத்தேன், எண் இல்லை. பேஸ்புக் கணக்கும் இல்லை. வங்கியில் கேட்டால், நீங்களே அனுப்பிய பணம், அந்தப் பக்கம் எடுத்தும் ஆயிற்று, திருப்ப ஏலாது என்றார்கள். யூனியனில் ஒரு வாங்கில் இருந்தோம். உள்ளே தேசிய கீதம் பாடும் நேரம். மருமகன் சொன்னான், "பரவாயில்ல மாமி, வீட்ட போனா மூணாவது பகுதி பாக்கலாம்." அவன் அப்படிச் சொன்னதுதான் இன்னும் எரிகிறது. காசை விட அதுதான்.

பிறகு ஒரு நாள் இருந்து யோசித்துப் பார்த்தேன். அவன் எனக்குச் சொன்ன ஒவ்வொரு பதிலும் என்னுடைய பேஸ்புக்கிலேயே இருந்தது. தேர்ப் படம் போட்டிருக்கிறேன், கோயில் பெயரோடு. அண்ணனின் பிறந்தநாளுக்கு எல்லாரும் வீட்டுப் பெயரைச் சொல்லித்தான் வாழ்த்தியிருக்கிறார்கள். அவன் மட்டக்களப்பு ஆளா, இந்த உலகத்தில் எந்த மூலை ஆளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஊரில் அந்த மூன்று கேள்வி வேலை செய்தது, கேட்ட பிறகு நாங்கள் போய் அவனுடைய பெரியம்மாவைச் சந்தையில் கண்டு உறுதிப்படுத்துவதால். ரொறன்ரோவில் அந்தப் பெரியம்மா இல்லை.

ஆகவே இதைக் கேளுங்கள். போன உடனே டிக்கெட்மாஸ்டர் செயலியில் உங்கள் பெயரில் கணக்கு ஒன்று திறந்து வையுங்கள், காசு தேவையில்லை. டிக்கெட் என்பது அந்தக் கணக்குக்குள் வந்து, உங்கள் போனில் அந்தக் கோடு ஓடினால்தான் டிக்கெட். படமாக வந்தால் அது டிக்கெட் இல்லை, சொந்த மச்சான் அனுப்பினாலும் சரி, மச்சானிடம் செயலிக்குள்ளால் மாற்றிவிடச் சொல்லுங்கள், ஒரு நிமிட வேலை. தெரியாத ஆளுக்கு ஈ-ட்ரான்ஸ்ஃபர் வேண்டவே வேண்டாம். கடன் அட்டையில் கட்டினால் பிழைத்தாலும் வங்கியோடு வாதாட ஒரு வழி இருக்கும். மறுவிற்பனைத் தளங்களில் வாங்கும்போது விலை அமெரிக்க டொலரிலா கனடிய டொலரிலா என்று பாருங்கள், கட்டணம் எல்லாம் சேர்த்துக் கடைசிப் பக்கத்தில் வருவதுதான் உண்மை விலை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், பொலிசுக்கும் கனடிய மோசடித் தடுப்பு நிலையத்துக்கும் சொல்லுங்கள். நான் இரண்டு கிழமை யாருக்கும் சொல்லாமல் இருந்தேன், அது பெரிய பிழை, அதே குழுவில் அதற்குள் இன்னொரு குடும்பமும் மாட்டியிருக்கலாம்.

முதல் ஆட்டமே மொன்றியலாக இருக்கத் தேவையில்லை, அதையும் நான் காசு கொடுத்துத்தான் படித்தேன். செவ்வாய், புதன் இரவில், பெரிதாகப் பேசப்படாத அணி ஒன்று வரும்போது பாருங்கள், ஆட்டம் தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது விலை இறங்குவதும் உண்டு. அதை விட நல்லது மார்லீஸ். லீஃப்ஸுக்குப் போகிற இளம் பிள்ளைகள் பழகுகிற அணி, கோக்கா-கோலா கொலிசியத்தில், டிக்கெட் மிகவும் மலிவு, 2018இல் தங்கள் லீக்கின் கோல்டர் கப்பை வென்றவர்கள். பெண்பிள்ளைகள் இருந்தால் செப்டர்ஸ் என்ற பெண்கள் ஹொக்கி அணியைக் காட்டுங்கள், பெண்களின் தொழில்முறை லீக் 2024 ஜனவரியில்தான் தொடங்கியது, என்னுடைய மகள் அதைப் பார்த்துவிட்டு வந்த அடுத்த கிழமை சறுக்கப் பழகப் போனாள்.

காரில் போகாதீர்கள். வாகனம் நிறுத்தும் காசில் இன்னொரு டிக்கெட் வாங்கலாம். வெபர் மைதானத்தில் சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டு உள்ளே போன பழக்கம் அங்கே சரிவராது. முதுகுப்பை கொண்டுபோக வேண்டாம், கட்டுச்சோறும் வேண்டாம். பந்து, அதாவது அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போது படியால் இறங்கி இருக்கைக்குப் போக விடமாட்டார்கள், விசில் கேட்கும்வரை மேலேயே நிறுத்திவைப்பார்கள், உங்களை மட்டும் மறிக்கிறார்கள் என்று நினைத்து மனம் நோகாதீர்கள், எல்லாருக்கும் அப்படித்தான். ஆர்கோஸ் பார்க்க ஒக்டோபரில் போனால் ஏரிக்காற்று எலும்புக்குள் போகும், இரண்டு காலுறை போடுங்கள்.

பஞ்சாபிக்காரர்களுக்கு 2008இலிருந்து ஹொக்கி நைட் அவர்களுடைய மொழியில் வருகிறது. அந்த வர்ணனையை ஒரு தடவை கேளுங்கள், ஒரு சொல் விளங்காவிட்டாலும் உடம்பு சிலிர்க்கும். ஸ்காபரோவில் இவ்வளவு பேர் இருக்கிறோம், எங்கள் பிள்ளைகளில் ஒன்று ஒரு நாள் தமிழில் கோல் என்று கத்த வேண்டும் என்பது என்னுடைய பெரிய ஆசை.

மருமகனை மறுகா மார்லீஸுக்குத்தான் கூட்டிப்போனேன். டிக்கெட் என்னுடைய போனில், கோடு ஓடுகிறதா என்று ரயிலில் வைத்து நாலு தடவை பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்ததும் அவன் என் கையைப் பிடித்தான். ஆட்டத்துக்கு முன் பயிற்சி செய்யும்போது கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றோம், விளையாட்டுக்காரன் ஒருவன் சறுக்கி வந்து மட்டையால் கிண்டி ஒரு வட்டைக் கண்ணாடிக்கு மேலால் போட்டுவிட்டுப் போனான். பிடித்துப் பார்த்தால் குளிர், கையில் கல்லு மாதிரிக் கனம். அப்பம்மாவுக்குக் கொடுங்கள் என்று அவன் என்னுடைய பெட்டிக்குள் வைத்துவிட்டான். இப்போது கச்சான் காற்று அடிக்கிறது, அம்மா அதைக் குசினிக் கதவுக்கு அணையாக வைத்திருக்கிறா. கதவு அசையவில்லை.